‘டியூன்’ ஏன் விடாமல் முதலிடத்தில் நிற்கிறது? அறிவியல் புனைவு வாசகர்களின் தரவரிசைகள் உருவாகும் விதம்

1966ஆம் ஆண்டு அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் உலக அறிவியல் புனைவு மாநாடு கூடியது. அந்த ஆண்டின் சிறந்த நாவலுக்கான ஹியூகோ விருதுக்கு வாசகர்கள் போட்ட வாக்குகளை எண்ணியபோது இரண்டு படைப்புகள் சரிசமமாக நின்றன. ஒன்று ரோஜர் செலஸ்னியின் ‘...அண்ட் கால் மீ கான்ராட்’. மற்றொன்று ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் ‘டியூன்’. விருதை இரண்டுக்கும் பகிர்ந்து கொடுத்தார்கள்.

ஒன்பது ஆண்டுகள் கழித்து, அறிவியல் புனைவுச் செய்திகளுக்கென்றே வரும் அமெரிக்க இதழான ‘லோகஸ்’ தன் வாசகர்களிடம் வேறொரு கேள்வியை வைத்தது: இதுவரை வந்த அறிவியல் புனைவு நாவல்களிலேயே சிறந்தது எது? ‘டியூன்’ முதலிடம் பிடித்தது. 1987இல் மறுபடியும் கேட்டார்கள், ‘டியூன்’தான். 1998இல் கேட்டார்கள், அதுவேதான். 2012இல் இருபதாம் நூற்றாண்டு முழுவதையும் முன்னால் வைத்துக் கேட்டபோதும் பதில் மாறவில்லை. 1966இல் அதற்கு ஈடாக நின்ற செலஸ்னியின் நாவல் இந்த நான்கு பட்டியல்களிலும் முதல் ஐந்து இடங்களுக்குள் ஒருமுறைகூட வரவில்லை.

அப்படியானால் 1966இல் வாக்களித்தவர்களின் ரசனையில் கோளாறா? நான் அப்படி நினைக்கவில்லை. அவர்களிடம் கேட்கப்பட்ட கேள்வி வேறு. அந்த ஆண்டு வெளிவந்தவற்றில் தாங்கள் படித்தவற்றை வைத்து அவர்கள் பதில் சொன்னார்கள். லோகஸ் வாசகர்கள் தங்கள் நினைவில் தங்கியவற்றை வைத்துப் பதில் சொன்னார்கள். வாசகர் தரவரிசை எதைப் பார்த்தாலும் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்: யாரைக் கேட்டார்கள், எப்போது கேட்டார்கள், வந்த பதில்களை எப்படி எண்ணினார்கள்? அறிவியல் புனைவு வாசகர்கள் ஏறத்தாழ 90 ஆண்டுகளாகக் கதைகளுக்கு மதிப்பெண் போட்டுவருகிறார்கள். அதற்கு அவர்கள் கையாண்ட எண்ணும் முறைகளும் பல. அதனாலேயே தரவரிசை என்ற விஷயத்தைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல களம் எனக்குத் தெரியவில்லை.

1926 ஏப்ரலில் ஹியூகோ கெர்ன்ஸ்பேக் ‘அமேசிங் ஸ்டோரீஸ்’ இதழைத் தொடங்கினார். அறிவியல் புனைவுக்கென்றே வந்த முதல் ஆங்கில மாத இதழ் அது. வாசகர் கடிதங்களை, எழுதியவரின் முழு முகவரியோடு அவர் அச்சிட்டார். கடிதம் எழுதியவர்கள் ஒருவரையொருவர் தேடிப் பிடித்தார்கள்; சங்கங்கள் அமைத்தார்கள்; கையெழுத்துப் பிரதிகளும் உருட்டச்சு இதழ்களும் நடத்தினார்கள். 1939இல் நியூயார்க்கில் முதல் உலக மாநாட்டையும் கூட்டினார்கள். படித்த கதையைப் பற்றிச் சண்டை போடுவது அந்தச் சமூகத்தின் தொடக்கத்திலிருந்தே இருந்தது. அந்தச் சண்டையை எண்களாக மாற்றியவர் ஜான் கேம்ப்பெல்.

‘அஸ்டவுண்டிங்’ இதழின் ஆசிரியராக வந்த கேம்ப்பெல் 1938இல் ‘அனலிட்டிக்கல் லேபரட்டரி’ என்ற சிறு பகுதியைத் தொடங்கினார். ஓர் இதழில் வந்த கதைகளை வாசகர்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசைப்படுத்தி எழுதி அனுப்புவார்கள். ஒவ்வொரு கதைக்கும் கிடைத்த இடங்களின் சராசரியைக் கணக்கிட்டு, அடுத்து வரும் ஓர் இதழில் வெளியிடுவார்கள். எண் சிறியதாக இருந்தால் கதை உயர்ந்தது. எல்லோரும் முதலிடம் கொடுத்த கதைக்குச் சராசரி 1. அசிமோவ் போன்ற இளம் எழுத்தாளர்கள் தங்கள் கதை எந்த இடம் பெற்றது என்று அந்தப் பகுதியை ஆவலோடு புரட்டினார்கள். எழுதுகிறவருக்கும் படிக்கிறவருக்கும் நடுவே இருந்த தூரத்தை ஒரு சின்ன அட்டவணை குறைத்தது.

அந்த இதழ்க் காலத்தில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்லாமல் கடக்க எனக்கு மனம் வரவில்லை. 1948இல் ஒரு வாசகர் கேம்ப்பெலுக்குக் கடிதம் எழுதினார். நவம்பர் 1949 இதழைப் படித்து முடித்ததுபோல, அதில் வந்திருக்கும் கதைகளை ஒவ்வொன்றாக வரிசைப்படுத்தியிருந்தார். ஓராண்டு கழித்து வரப்போகும் இதழ் அது. அந்தக் கதைகள் எவையும் எழுதப்படவே இல்லை. கேம்ப்பெல் கடிதத்தை நவம்பர் 1948 இதழில் அச்சிட்டுவிட்டு வேலையில் இறங்கினார். கடிதத்தில் பெயர் வந்த ஹைன்லைன், ஸ்டர்ஜன், வான் வோக்ட், டெல் ரே, டி கேம்ப் ஆகியோரிடம் சொல்லி, அந்த வாசகர் வைத்த தலைப்புகளிலேயே கதைகளை வாங்கினார். நவம்பர் 1949 இதழ் ஏறக்குறைய அந்தக் கடிதத்தில் இருந்தபடியே வெளிவந்தது. ஹைன்லைனின் ‘கல்ஃப்’ அப்படிப் பிறந்ததுதான். வாசகரின் மதிப்பீடு முதலில், கதை பிறகு! இந்த இலக்கிய வகையில் வாசகருக்கு எவ்வளவு இடம் இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஒன்பது வாசகர்கள், மூன்று வெற்றியாளர்கள்

கேம்ப்பெலின் சராசரி முறை நியாயமானதுதானே என்று தோன்றும். அதற்குள் என்ன ஒளிந்திருக்கிறது என்று பார்க்க ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப்பார்க்கலாம். ஒன்பது வாசகர்கள், அவர்கள் முன் மூன்று நாவல்கள்: ‘டியூன்’, உர்சுலா லெ குவின் எழுதிய ‘தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னஸ்’, அசிமோவின் ‘ஃபவுண்டேஷன்’. நான்கு பேர் ‘டியூன்’ முதலிடம், ‘ஃபவுண்டேஷன்’ இரண்டாமிடம், லெ குவின் கடைசி என்கிறார்கள். மூன்று பேர் லெ குவின் முதலிடம், ‘ஃபவுண்டேஷன்’ இரண்டாமிடம், ‘டியூன்’ கடைசி என்கிறார்கள். மீதி இரண்டு பேருக்கு ‘ஃபவுண்டேஷன்’ முதலிடம், லெ குவின் இரண்டாமிடம், ‘டியூன்’ கடைசி.

முதலிடங்களை மட்டும் எண்ணினால் நான்கு வாக்குகளோடு ‘டியூன்’ வெல்கிறது. நம் சட்டமன்றத் தேர்தலில் எண்ணுவது இப்படித்தான். கேம்ப்பெல் செய்ததுபோல இடங்களின் சராசரியை எடுத்தால் ‘ஃபவுண்டேஷன்’ 1.78 பெற்று வெல்கிறது. மற்ற இரண்டும் 2.11இல் நிற்கின்றன. இன்னொரு முறையும் இருக்கிறது. முதலிடம் மிகக் குறைவாகப் பெற்ற நூலை விலக்கிவிட்டு, அதற்கு வாக்களித்தவர்களின் அடுத்த விருப்பத்தை எண்ணுவது. ‘ஃபவுண்டேஷன்’ இரண்டே முதலிடங்களோடு வெளியேறுகிறது. அந்த இரண்டு வாக்குகளும் லெ குவினுக்குப் போகின்றன. ஐந்துக்கு நான்கு என்று லெ குவின் வெல்கிறார்.

வாசகர்கள் அதே ஒன்பது பேர். யாரும் மனம் மாறவில்லை. எண்ணும் முறை மாறியதற்காக மூன்று நாவல்களும் ஆளுக்கொரு முறை வென்றுவிட்டன. இதில் எந்த முடிவும் பொய்யில்லை. முதல் முறை, ஒரு நூலை உயிராக நேசிப்பவர்கள் எத்தனை பேர் என்று கேட்கிறது. சராசரி முறை, யாருக்கும் பிடிக்காமல் போகாத நூல் எது என்று தேடுகிறது. மூன்றாவது முறை பெரும்பான்மையினர் ஏற்கத்தக்க நூலைத் தேடுகிறது. ஆனால் பலருடைய இரண்டாம் விருப்பமாக இருக்கும் நூலை முதல் சுற்றிலேயே வெளியே அனுப்பிவிடக்கூடும். பொருளியலாளர் கென்னத் ஆரோ 1951இல் நிறுவிய தேற்றம் இந்தச் சிக்கலைக் கணித மொழியில் சொன்னது. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட தேர்வுகள் இருக்கும்போது, நாம் இயல்பாக எதிர்பார்க்கும் சில எளிய நியாயங்கள் எல்லாவற்றையும் ஒருசேர நிறைவேற்றும் வரிசை முறை எதுவும் இருக்க முடியாது.

ஹியூகோ விருது மூன்றாவது முறையைத்தான் பின்பற்றுகிறது. 1953இல் ஃபிலடெல்ஃபியா மாநாட்டில் தொடங்கிய இந்த விருதை நடுவர் குழு தீர்மானிப்பதில்லை. மாநாட்டு அமைப்பில் கட்டணம் செலுத்திச் சேர்ந்த உறுப்பினர் எவரும் வாக்களிக்கலாம். முதல் கட்டத்தில் ஒருவர் ஒரு பிரிவுக்கு ஐந்து படைப்புகள் வரை முன்மொழியலாம். 2016 வரை, அதிக முன்மொழிவு பெற்றவை இறுதிப் பட்டியலுக்கு வந்தன. இரண்டாம் கட்டத்தில் இறுதிப் பட்டியலை விருப்ப வரிசைப்படி எண்ணிட்டு அனுப்ப வேண்டும். அந்த வாக்குச்சீட்டில் ‘விருது இல்லை’ என்றும் ஒரு தேர்வு உண்டு. இவற்றில் எதுவும் தகுதியானதல்ல என்று ஒரு வாசகர் கருதினால் அதையே முதலாவதாகக் குறிக்கலாம். இந்த ஒரு வரியின் மதிப்பைப் பின்னால் பார்ப்போம்.

ஓர் ஆண்டின் வாக்கும் ஒரு தலைமுறையின் வாக்கும்

முதல் ஹியூகோ ஆல்ஃபிரட் பெஸ்டரின் ‘தி டெமாலிஷ்ட் மேன்’ நாவலுக்குப் போனது. நல்ல தேர்வு, இன்றும் படிக்கப்படுகிறது. 1954இல் மாநாட்டுக் குழு விருதே கொடுக்கவில்லை. அந்த ஆண்டு விருது இருந்திருந்தால் போட்டியில் நின்றிருக்கக்கூடிய 1953ஆம் ஆண்டு நாவல்கள் எவை தெரியுமா? ரே பிராட்பரியின் ‘ஃபாரன்ஹீட் 451’, ஆர்தர் சி. கிளார்க்கின் ‘சைல்ட்ஹுட்ஸ் எண்ட்’, தியோடோர் ஸ்டர்ஜனின் ‘மோர் தேன் ஹியூமன்’, அசிமோவின் ‘தி கேவ்ஸ் ஆஃப் ஸ்டீல்’, ஹால் கிளெமென்ட்டின் ‘மிஷன் ஆஃப் கிராவிட்டி’. இவ்வளவு வளமான ஓர் ஆண்டு விருதில்லாமல் கடந்துபோனது. 1955இல் விருது திரும்ப வந்தபோது வென்றது மார்க் கிளிஃப்டனும் ஃபிராங்க் ரைலியும் சேர்ந்து எழுதிய ‘தே’ட் ராதர் பி ரைட்’. ஹியூகோ வென்ற நாவல்களில் மிகப் பலவீனமானது என்று பலரும் இதைத்தான் சுட்டுகிறார்கள்.

50 ஆண்டுகளுக்குப் பிறகு, 2004 பாஸ்டன் மாநாட்டில், அந்த விடுபட்ட 1954ஆம் ஆண்டுக்குப் பின்னோக்கிய விருது கொடுத்தார்கள். மேலே சொன்ன ஐந்தும் இறுதிப் பட்டியலில் இருந்தன; ‘ஃபாரன்ஹீட் 451’ வென்றது. அரை நூற்றாண்டு கழித்து வாக்களித்தவர்கள் அந்த ஆண்டில் வாழ்ந்த வாசகர்களாகச் சிந்தித்திருக்க முடியாது. பள்ளிகளில் பாடமாகி, திரைப்படமாகி, தணிக்கை பற்றிய விவாதங்களில் எல்லாம் மேற்கோளாகி ஊறிப்போன ஒரு புத்தகத்துக்கு அவர்கள் வாக்களித்தார்கள்.

எல்லாக் காலத்துக்குமான பட்டியல்களில் நடப்பதும் இதுதான். ‘டியூன்’ நாவலை இருபதுக்கும் மேற்பட்ட பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின. கடைசியில் 1965இல் அதை வெளியிட்டது, கார் பழுதுபார்க்கும் கையேடுகளுக்குப் பெயர்போன சில்டன் என்ற நிறுவனம். தொடக்கத்தில் விற்பனை மந்தம். பிறகு கல்லூரி மாணவர்களிடையே கைமாறிக் கைமாறிப் பரவியது. 1975இல் லோகஸ் கேட்டபோது அதைப் படிக்காத அறிவியல் புனைவு வாசகர் அரிதாகிவிட்டிருந்தார். டேவிட் லிஞ்ச் இயக்கிய திரைப்படம் 1984இல்தான் வந்தது. ஆகவே திரைப்படம் தந்த புகழ் இந்த முதலிடத்துக்குக் காரணம் என்று சொல்ல வழியில்லை.

என் கணிப்பில், ‘டியூன்’ விடாமல் முதலிடத்தில் நிற்பதற்கு அதன் இலக்கிய வலிமையோடு எண்ணிக்கை சார்ந்த ஒரு காரணமும் சேர்ந்துகொள்கிறது. ஹைன்லைனை நேசிப்பவர்களிடம் அவருடைய சிறந்த நாவலைக் கேட்டால் ஒருவர் ‘தி மூன் இஸ் எ ஹார்ஷ் மிஸ்ட்ரஸ்’ என்பார். இன்னொருவர் ‘ஸ்ட்ரேஞ்சர் இன் எ ஸ்ட்ரேஞ்ச் லேண்ட்’ என்பார். மூன்றாமவர் ‘ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்ஸ்’ என்று அடித்துச் சொல்வார். லெ குவினின் வாசகர்கள் ‘தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னஸ்’, ‘தி டிஸ்பொசெஸ்ட்’ என்று இரண்டாகப் பிரிவார்கள். ஹெர்பர்ட்டின் வாசகர்களிடம் கேட்டால் வருவது ஒரே பெயர். அவர் வேறு நாவல்களும் எழுதியிருக்கிறார். ஆனால் இதோடு மோதக்கூடியது ஒன்றுமில்லை. ஓர் எழுத்தாளரின் செல்வாக்கு முழுவதும் ஒரே தலைப்பில் குவியும்போது பட்டியலில் அந்தத் தலைப்பு ஏறுகிறது. பல நல்ல நாவல்களை எழுதியவருக்கு அந்த வளமே இங்கே பாதகமாகிவிடுகிறது.

இதற்கு ஆர்தர் கிளார்க் இன்னும் நல்ல உதாரணம். 1956இல் இலங்கைக்குக் குடிபெயர்ந்து, 2008இல் மறையும்வரை அங்கேயே வாழ்ந்தவர் அவர். ‘சைல்ட்ஹுட்ஸ் எண்ட்’ 1975 லோகஸ் பட்டியலில் இரண்டாமிடத்தில் இருந்தது. 1987இல் மூன்றாமிடத்துக்கு இறங்கியது. 2012இல் முதல் ஐந்திலேயே இல்லை. இடையில் அவருடைய ‘ராண்டேவூ வித் ராமா’ 1974இல் ஹியூகோ வென்றது. ‘தி ஃபவுண்டன்ஸ் ஆஃப் பாரடைஸ்’ 1980இல் வென்றது. பின்னது தப்ரபேன் என்ற தீவில் நடக்கிறது. சிகிரியாவையும் சிவனொளிபாத மலையையும் கண்டவர்களுக்கு அந்தத் தீவை அடையாளம் காண ஒரு நிமிடம்கூட ஆகாது. பூமியிலிருந்து விண்வெளிக்கு எழும் மின்தூக்கியை அந்த மலையுச்சியில் அவர் நட்டார். கிளார்க்கை நேசிக்கும் வாசகர்களின் வாக்குகள் இப்படி மூன்று, நான்கு நூல்களுக்கிடையே சிதறுகின்றன. பட்டியலில் அவர் இறங்கியதை வைத்து அவர் மீதான அன்பு குறைந்துவிட்டது என்று முடிவுகட்டுவது அவசரம்.

2012 பட்டியலில் ‘டியூன்’ நாவலை அடுத்து வந்தவை ‘எண்டர்ஸ் கேம்’, ‘ஃபவுண்டேஷன்’ வரிசை, ‘ஹைப்பீரியன்’, ‘தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னஸ்’. ஆர்சன் ஸ்காட் கார்டின் ‘எண்டர்ஸ் கேம்’ 1985இல் வந்தது. டான் சிம்மன்ஸின் ‘ஹைப்பீரியன்’ 1989இல். 1987இல் லோகஸ் கேட்டது 1980க்கு முந்தைய நாவல்களை மட்டும். 1998இல் 1990க்கு முந்தையவற்றை. புதிய நூலின் பரபரப்பு அடங்க சில ஆண்டுகள் விட்டுக் கேட்கும் இந்தக் கட்டுப்பாடு எனக்கு மிகப் பிடித்தது. இன்று வரும் ‘இந்த ஆண்டின் தலைசிறந்த’ பட்டியல்களில் பலவற்றுக்கு இந்தப் பொறுமை கிடையாது.

அதே 2012இல் இருபத்தோராம் நூற்றாண்டுக்கும் தனியாகக் கேட்டார்கள். ஜான் ஸ்கால்சியின் ‘ஓல்ட் மேன்ஸ் வார்’ முதலிடம், நீல் ஸ்டீஃபன்சனின் ‘அனாதெம்’ இரண்டாமிடம், பாவோலோ பாசிகலூப்பியின் ‘தி விண்ட்அப் கேர்ள்’ மூன்றாமிடம் பெற்றன. இந்த வரிசையை நான் தற்காலிகமானதாகவே எடுத்துக்கொள்கிறேன். பன்னிரண்டு ஆண்டுக்கால நூல்களை, அவை வந்த சூட்டிலேயே வரிசைப்படுத்தியது அது.

கேட்கப்படும் கூட்டம் மாறினால் விடையும் மாறும். 2011இல் அமெரிக்காவின் என்.பி.ஆர். பொது வானொலி தன் நேயர்களிடம் அறிவியல் புனைவு, மிகைபுனைவு இரண்டையும் சேர்த்துச் சிறந்த நூல்களைக் கேட்டது. 60,000க்கும் அதிகமானோர் வாக்களித்தார்கள். ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ முதலிடம், டக்ளஸ் ஆடம்ஸின் ‘ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு’ இரண்டாமிடம், ‘எண்டர்ஸ் கேம்’ மூன்றாமிடம், ‘டியூன்’ நான்காமிடம். ஒருவர் பத்து நூல்களைத் தேர்ந்தெடுக்கலாம். ஒரு தொடர் முழுவதும் ஒரே பதிவாக எண்ணப்பட்டது. இளையோருக்கான நூல்களை முன்பே விலக்கிவிட்டதால் ஹாரி பாட்டருக்கு இடமே இல்லை. அந்தக் கதவு திறந்திருந்தால் முதல் பத்து இடங்கள் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஹியூகோவில் அப்படிப்பட்ட தடை கிடையாது; 2001இல் ஹாரி பாட்டர் வரிசையின் நான்காம் நூல் சிறந்த நாவல் விருதையே வென்றது.

நட்சத்திரங்களின் சராசரி

இன்றைய வாசகர் பெரும்பாலும் சந்திப்பது ஐந்து நட்சத்திர மதிப்பீட்டைத்தான். 2007இல் தொடங்கி 2013இல் அமேசான் வாங்கிய குட்ரீட்ஸ் இதைப் பழக்கமாக்கியது. நட்சத்திரம் போடுவதும் வரிசைப்படுத்துவதும் வேறு வேறு செயல்கள். வரிசைப்படுத்தும்போது ஒரு நூலை இன்னொன்றுக்கு மேலே வைத்தே ஆக வேண்டும். நட்சத்திரம் போடும்போது அந்த நிர்ப்பந்தம் இல்லை. பிடித்தவை அனைத்துக்கும் நான்கு போட்டுவிட்டு நகரலாம். பெரும்பாலான நூல்களின் சராசரி மூன்றரைக்கும் நாலேகாலுக்கும் இடையிலேயே நெருக்கியடித்து நிற்பதற்கு இது ஒரு காரணம்.

இன்னொரு காரணம், மதிப்பிடுபவர்கள் தாங்களாகவே வந்து சேர்ந்தவர்கள் என்பது. தொடர்நாவல்களில் இது பளிச்சென்று தெரியும். முதல் பாகத்தை எல்லோரும் எடுத்துப் பார்க்கிறார்கள். பிடிக்காதவர்கள் குறைந்த நட்சத்திரம் போட்டுவிட்டு விலகுகிறார்கள். மூன்றாம், நான்காம் பாகம்வரை வருபவர்கள் ஏற்கெனவே அன்பு கொண்டவர்கள். ஆகவே பிந்தைய பாகத்தின் சராசரி முதல் பாகத்தைவிட உயர்ந்து நிற்பது சாதாரணம். எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு எழுத்தாளர் வளர்ந்துகொண்டே போவதுபோலத் தெரியும். எதிர்த்திசையில், பள்ளியில் கட்டாயமாகப் படிக்க நேர்ந்தவர்களின் சலிப்பையும் ‘1984’, ‘பிரேவ் நியூ வேர்ல்ட்’ போன்ற நூல்கள் தங்கள் சராசரியில் சுமக்க வேண்டியிருக்கிறது. விருப்பத்தோடு தேடி வந்தவர்கள் மட்டுமே படித்த ஒரு புதிய விண்வெளிச் சாகச நாவல் இவற்றைவிட மேலே நிற்பதில் வியப்பில்லை. அதனால் அதுவே மேலான நாவல் என்று யாரும் வாதிடமாட்டார்கள் என்று நம்புகிறேன்.

எண்ணிக்கை குறைவாக இருக்கும் நூல்களின் சிக்கல் தனி. பத்து நண்பர்கள் ஐந்து நட்சத்திரம் போட்ட நூலின் சராசரி 5. பல்லாயிரம் பேர் மதிப்பிட்ட நூலுடையது 4.2. இதைச் சரிசெய்ய, எல்லா நூல்களின் பொதுச் சராசரியில் சில கற்பனை வாக்குகளை ஒவ்வொரு நூலுக்கும் சேர்த்துக் கணக்கிடும் முறை உண்டு. பத்து வாக்குகள் உள்ள நூலை அது பொதுச் சராசரியை நோக்கி வலுவாக இழுக்கும். பல்லாயிரம் வாக்குகள் உள்ளதை அசைக்காது. மதிப்பீட்டை வரிசையாக மாற்றும் எந்தப் பட்டியலும் இதைச் செய்ய வேண்டும் என்பேன்.

யாருடைய வாக்கு?

வாசகர் பட்டியல்களில் எனக்குப் பெரிய குறையாகப் படுவது மொழி. ஹியூகோ தொடங்கிய 1953 முதல் 2014 வரை மொழிபெயர்ப்பு நாவல் ஒன்றுகூட வென்றதில்லை. போலந்தின் ஸ்டானிஸ்லாவ் லெம் எழுதிய ‘சோலாரிஸ்’, ரஷ்யாவின் ஸ்ட்ருகாட்ஸ்கி சகோதரர்கள் எழுதிய ‘ரோட்சைட் பிக்னிக்’ போன்றவை இந்த வகையின் சிகரங்கள். ஆங்கிலத்துக்குத் தாமதமாகவும் அரைகுறையாகவும் வந்துசேர்ந்ததால், ஆங்கில வாசகரின் நினைவில் அவை உரிய நேரத்தில் நுழையவே இல்லை. ஜப்பானிய வாசகர்கள் 1970இல் தொடங்கிய செய்யுன் விருதில் மொழிபெயர்ப்புக்கென்று தனிப் பிரிவு வைத்திருக்கிறார்கள். பிற மொழிகளை வாசிக்கிறோம் என்ற உணர்வு அவர்களுடைய வாக்குச்சீட்டிலேயே அச்சாகியிருக்கிறது.

2015இல்தான் சீனாவின் லியு சிசின் எழுதி கென் லியு ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்த ‘தி த்ரீ-பாடி ப்ராப்ளம்’ அந்தத் தடையை உடைத்தது. அது வென்ற விதம், எண்ணும் முறை பற்றிய மிகச் சிறந்த பாடம். அந்த ஆண்டு ஒரு குழுவினர் முன்மொழிவுக் கட்டத்தில் ஒரே பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கூட்டாக வாக்களித்தார்கள். சமூக நீதி, பாலினம், இனம் பற்றிய கதைகள் விருதுகளை ஆக்கிரமித்துவிட்டன என்பது அவர்களுடைய கோபம். முன்மொழிவில் சாதாரண வாசகர்களின் வாக்குகள் நூற்றுக்கணக்கான நூல்களில் சிதறும். ஒருமித்துப் போடும் சில நூறு பேர் ஐந்து இடங்களையும் பிடித்துவிடலாம். பல பிரிவுகளில் அப்படியே நடந்தது. நாவல் பிரிவில் அவர்களுடைய பட்டியலில் தன் நூலும் இருப்பதைக் கண்ட மார்கோ க்ளூஸ் என்ற எழுத்தாளர் போட்டியிலிருந்து விலகினார். அந்த விலகலால் காலியான இடத்தில்தான் ‘தி த்ரீ-பாடி ப்ராப்ளம்’ இறுதிப் பட்டியலுக்குள் வந்தது, பிறகு வென்றது.

இறுதி வாக்கெடுப்பில் 5,950 பேர் வாக்களித்தார்கள். அதுவரை இல்லாத எண்ணிக்கை. பலர் 40 டாலர் கட்டி இதற்காகவே சேர்ந்தவர்கள். ஐந்து பிரிவுகளில் அவர்கள் ‘விருது இல்லை’ என்று தீர்ப்பளித்தார்கள். வாக்குச்சீட்டின் கடைசி வரி இதற்கு முன்பும் உதவியிருக்கிறது. 1987இல் எல். ரான் ஹப்பர்டின் ‘பிளாக் ஜெனிசிஸ்’ இறுதிப் பட்டியலில் இடம்பெற்றபோது, திரட்டப்பட்ட ஆதரவு அது என்ற பேச்சு எழுந்தது. வாக்காளர்கள் அதை ‘விருது இல்லை’ என்பதற்கும் கீழே தள்ளினார்கள்.

2015க்குப் பிறகு வாசகர்கள் செய்த வேலை எனக்குப் பெரும் மதிப்பை உண்டாக்குகிறது. கோபத்தோடு நின்றுவிடாமல் விதியைத் திருத்தினார்கள். 2017 முதல் முன்மொழிவை எண்ணும் முறை மாறியது. ஒருவருக்கு ஒரு பிரிவில் ஒரு புள்ளி. அவர் ஐந்து நூல்களைச் சொன்னால் ஒவ்வொன்றுக்கும் ஐந்தில் ஒரு பங்கு. மிகக் குறைந்த புள்ளி பெற்ற இரண்டு நூல்களை எடுத்து, அவற்றில் குறைவான பேர் முன்மொழிந்ததை நீக்குவார்கள். நீக்கப்பட்டதைச் சொன்னவரின் புள்ளி அவருடைய மீதி நூல்களுக்குப் பிரிந்து கூடும். இப்படி ஆறு மிஞ்சும்வரை செய்வார்கள். ஒரே பட்டியலைப் போட்டவர்களின் புள்ளிகள் அவர்களுடைய ஐந்து நூல்களுக்குள்ளேயே பங்குபோட்டுக்கொள்ளும். ஒன்றையொன்று கீழே இழுக்கும். சிதறி வாக்களித்த சாதாரண வாசகரின் புள்ளியோ, அவர் சொன்னவை ஒவ்வொன்றாக விழ விழ, மீதமுள்ள நூலில் வந்து முழுமையாகச் சேரும். 2016, 2017, 2018 மூன்று ஆண்டுகளும் என். கே. ஜெமிசின் சிறந்த நாவலுக்கான விருதைத் தொடர்ந்து வென்றார். அதற்கு முன் யாரும் அப்படி மூன்று ஆண்டுகள் தொடர்ந்து வென்றதில்லை. 1970இல் லெ குவின் அந்த விருதைப் பெற்ற முதல் பெண்ணாக ஆனதிலிருந்து வாக்காளர் கூட்டம் எவ்வளவு மாறியிருக்கிறது என்பதை இதிலிருந்து அளந்துகொள்ளலாம்.

விதி நன்றாக இருந்தால் போதாது. அதைக் கையில் வைத்திருப்பவர்களும் வெளிப்படையாக இருக்க வேண்டும். லோகஸ் 2008இல், வாக்குகள் வந்துசேர்ந்த பிறகு, சந்தாதாரர்களின் வாக்கை இரு மடங்காக எண்ண முடிவுசெய்தது. பொது வாசகர்கள் அதிகமாகக் கலந்துகொண்டதால் அப்படிச் செய்தார்கள். வாக்கு போட்ட பிறகு விதியை மாற்றுவதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த இதழை நேசிப்பவன் என்பதாலேயே இதைச் சொல்கிறேன்.

ஹியூகோவில் இதைவிடப் பெரிய அடி 2023இல் விழுந்தது. சீனாவின் செங்டூவில் நடந்த மாநாட்டின் வாக்கு விவரங்கள் 2024 ஜனவரியில் வெளியானபோது, ஆர். எஃப். குவாங்கின் ‘பேபல்’ உள்ளிட்ட சில படைப்புகளும் சிலருடைய பெயர்களும் ‘தகுதியற்றவை’ என்று காரணம் சொல்லாமல் நீக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. அரசியல் உணர்திறனைக் கருதிப் படைப்புகளை அலசியதாகக் காட்டும் மின்னஞ்சல்கள் அடுத்த மாதம் கசிந்தன. இந்த முறைகேடு எப்படி வெளிவந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு பிரிவிலும் எத்தனை பேர் முன்மொழிந்தார்கள், எந்தச் சுற்றில் எது விழுந்தது என்ற முழு விவரத்தையும் 90 நாட்களுக்குள் வெளியிட வேண்டும் என்பது அந்த அமைப்பின் விதி. அந்த அட்டவணைகளைப் புரட்டிய வாசகர்கள்தான் எண்கள் பொருந்தவில்லை என்று கண்டுபிடித்தார்கள்.

அடுத்த மாநாட்டை நடத்திய கிளாஸ்கோ குழு 2024 ஜூலையில், விருதுகள் அறிவிக்கப்படுவதற்கு முன்பே ஓர் அறிக்கை வெளியிட்டது. வந்த 3,813 வாக்குகளில் 377ஐ நீக்கிவிட்டோம் என்றது. முதல் எழுத்து மட்டும் அகரவரிசையில் மாறி மாறி வரும் குடும்பப் பெயர்கள், அடுத்தடுத்த எண்களின் மொழிபெயர்ப்பாக அமைந்த பெயர்கள் என்று உறுப்பினர்கள் மொத்தமாகச் சேர்க்கப்பட்டிருந்தார்கள். இறுதிப் பட்டியலில் இருந்த ஒருவருக்குச் சாதகமாக அந்த வாக்குகள் விழுந்திருந்தன. அவருக்கு இது தெரிந்திருந்ததற்குச் சான்றில்லை என்று சொல்லி அவர் பெயரைக் குழு வெளியிடவில்லை. நீக்கிய எண்ணிக்கை, நீக்கிய காரணம், அதனால் முடிவில் ஏற்பட்ட மாற்றம் எல்லாம் அந்த அறிக்கையிலேயே இருந்தன.